பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆசனம் சொன்ன பெரியவர்

கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் என்றால் ஊரே கூடும். பெண்ணுக்கு மாதம் நெருங்கியதும் தாய் வீட்டார் வருவார்கள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று பல வகைச் சோறு கட்டிக்கொண்டு வருவார்கள். இதற்குக் கட்டுச்சோறு விருந்து என்று பெயர். முன்பு மாட்டு வண்டி வந்தது. இன்று கார் வருகிறது. விருந்து முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவார்கள்.

அங்கே அம்முச்சி காத்திருப்பாள். படுத்தே கிடக்காதே, நடந்து கொடு, குனிந்து வீடு கூட்டு, உட்கார்ந்து எழுந்திரு என்று நாள் முழுவதும் சொல்லுவாள். இடுப்பு இளகினால்தான் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்பது அவள் கணக்கு.

இப்போது அந்தியூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு புதுப் பேச்சும் காதில் விழுகிறது. கர்ப்பிணிகள் யோகாசனம் செய்யலாம். மூச்சுப் பயிற்சி செய்யலாம். பிரசவத்துக்கு அது உதவும் என்கிறார்கள். உடனே வீட்டில் சச்சரவு. மாமியார் பயப்படுகிறாள். தலைகீழாக நிற்பதும் காலைக் கழுத்தில் போடுவதும்தானே யோகாசனம்? வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அதையெல்லாம் செய்யலாமா?

நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே விடை சொல்ல முற்பட்ட ஒருவர் இருந்தார். அவர் இருந்த ஊர் நமக்குத் தூரமில்லை. அந்தியூரிலிருந்து பர்கூர் மலை ஏறி இறங்கினால் கொள்ளேகால். அதற்கு அப்பால் மைசூர். மைசூர் அரண்மனையில் ஆசனம் கற்றுக்கொடுத்த அந்த மனிதரின் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

பத்து வயதில் தந்தையை இழந்தவர்

கிருஷ்ணமாச்சாரியார் 1888-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி பிறந்தார். ஊர், மைசூர் ராஜ்யத்தில் சித்திரதுர்க்கம் சீமையைச் சேர்ந்த முசுகுந்தபுரம். வைணவக் குடும்பம். வீட்டில் பேசியது தெலுங்கு. தந்தை சீனிவாச தாத்தாச்சாரியார் மகனுக்குச் சிறு வயதிலேயே வேதமும் யோகமும் சொல்லிக்கொடுத்தார். பையனுக்குப் பத்து வயதானபோது தந்தை இறந்துவிட்டார். குடும்பம் மைசூருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பரகால மடத்தின் தலைவராக இருந்தவர் அவருடைய கொள்ளுத் தாத்தா.

இந்தக் குடும்பத்தார் தங்களை நாதமுனிகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நாதமுனிகள் யார் என்று தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காட்டுமன்னார்கோயிலில் பிறந்தவர். ஆழ்வார்களின் பாடல்களைத் தேடித் திரட்டி நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமாகத் தொகுத்தவர். பெரிய யோகி என்றும் சொல்லப்படுபவர். அவர் எழுதிய யோக ரகசியம் என்ற நூல் காணாமல் போய்விட்டதாக ஒரு செய்தி அந்தக் குடும்பத்தில் வழங்கி வந்தது.

புளியமரத்து ஊரில்

பதினாறு வயதில் கிருஷ்ணமாச்சாரியார் ஆழ்வார்திருநகரிக்குப் போனார். தாமிரபரணிக் கரையில், திருப்புளி மரத்தின் கீழ் நம்மாழ்வார் அமர்ந்திருந்த ஊர் அது. அங்கே நடந்ததை அவர் பிற்காலத்தில் இப்படி விவரித்தார். ஒரு கிழவர் வழி காட்டினார். பையன் ஒரு மாந்தோப்புக்குள் போனான். பசியும் களைப்பும். மயங்கி விழுந்தான். மயக்கத்தில் மூன்று முனிவர்கள் தெரிந்தார்கள். அவர்களில் ஒருவர் நாதமுனிகள். அவர் சுலோகங்களைச் சொல்லச் சொல்ல, பையன் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டான். விழித்துப் பார்த்தால் தோப்பும் இல்லை, முனிவர்களும் இல்லை. சுலோகங்கள் மட்டும் நினைவில் இருந்தன.

நம்புகிறவர்கள் நம்பலாம். நூலின் வயது பற்றி அறிஞர்களுக்குள் வழக்கு உண்டு. தந்தையின் சொந்த அனுபவமும் சொந்தச் சொற்களும் அதில் கலந்திருக்கின்றன என்றே அவருடைய மகன் தேசிகாசாரும் எண்ணினார். அது எப்படியானாலும், நூலில் உள்ள விஷயம் புதுமையானது. யோகம் பெண்களுக்கு உரியது என்கிறது அந்த நூல். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதில் உரிமை அதிகம் என்கிறது. காரணம், வம்சம் தழைப்பது அவர்களால்தான். கருவுற்றிருக்கும் பெண் என்ன பயிற்சி செய்வது என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது.

மற்றப் பழைய யோக நூல்களைப் புரட்டிப் பாருங்கள். காட்டில், குகையில், தனியாக இருக்கும் ஆண் சந்நியாசிக்கு எழுதியவை அவை. பிள்ளைத்தாய்ச்சியைப் பற்றி அவற்றில் பேச்சே கிடையாது.

குருவுக்கும் குடும்பம் இருந்தது

கிருஷ்ணமாச்சாரியார் காசியில் படித்தார். தர்க்கம், வியாகரணம், வேதாந்தம், ஆயுர்வேதம் என்று அவர் படிக்காத சாத்திரம் குறைவு. யோகத்தை முழுதாகக் கற்க வேண்டும் என்ற ஆசை மட்டும் தீரவில்லை. திபெத்தில் மானசரோவர் ஏரிப் பக்கம் ராமமோகன பிரமசாரி என்ற குரு இருப்பதாகக் கேள்விப்பட்டு நடந்தே போனார். அங்கே ஏழரை ஆண்டுகள் தங்கியதாக அவர் சொல்லி வந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் குரு குகையில் வசித்தவர்தான். ஆனால், மனைவியும் மூன்று குழந்தைகளும் கூடவே இருந்தார்கள். சீடன் விடைபெறும்போது குரு கேட்ட தட்சிணையும் விசித்திரமானது. ஊருக்குத் திரும்பிப் போ, கல்யாணம் செய்துகொள், பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்து யோகத்தைச் சொல்லிக்கொடு என்பதே அது. படிப்புக்கு ஏற்ற பெரிய உத்தியோகங்கள் காத்திருந்தன. குருவின் சொல்லுக்காக அவற்றை விட்டார்.

1925-ம் ஆண்டு திருமணம் நடந்தது. மணப்பெண் நாமகிரி சின்னஞ்சிறு பெண். அக்காலத்து வழக்கம் அது. இன்று சட்டம் இடம் கொடுக்காது. கோலார் சீமையில் பெல்லூர் அவளுடைய ஊர்.

நாமகிரியின் தாய்க்குப் பிறந்தவை 13 குழந்தைகள். பதினோராவது குழந்தை வயிற்றில் இருந்த 1918-ம் ஆண்டில்தான் உலகம் முழுவதையும் விஷக்காய்ச்சல் வாட்டியது. அந்தத் தாயையும் அது விடவில்லை. நோயோடு பெற்ற அந்தப் பிள்ளைக்குத் தலை பெரிது. கையும் காலும் குச்சி. பிழைப்பானா என்று வீட்டில் கவலைப்பட்டார்கள். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற யோகாசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார்! கருவுற்ற தாயின் உடம்பு குழந்தையை எப்படிப் பாதிக்கும் என்பதற்கு நாமகிரி வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை. சொந்தத் தம்பியே கண் முன்னால் இருந்தான்.

வறுமை

யோகம் சொல்லிப் பிழைக்க முடியும் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. கிருஷ்ணமாச்சாரியார் ஹாசன் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். மனைவியின் பழம் புடவையைக் கிழித்துக் கோவணமாகக் கட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. ஓய்வு நாட்களில் ஊர் ஊராகப் போய் யோக வித்தைகளைக் காட்டினார். ஓடும் காரைக் கையால் நிறுத்துவார், பல்லால் பாரம் தூக்குவார் என்பார்கள். வேடிக்கை பார்க்கவாவது ஜனங்கள் கூடட்டும், பிறகு யோகத்தைப் பற்றிச் சொல்லலாம் என்பது அவர் எண்ணம்.

கடைசியில் மைசூர் மகாராஜா நான்காவது கிருஷ்ணராஜ உடையாரின் கண் அவர்மீது பட்டது. 1933-ம் ஆண்டு ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை திறக்கப்பட்டது. அரச குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே ஆசனம் பழகினார்கள். துள்ளித் துள்ளிச் செய்யும் கடினமான பயிற்சி. வாத்தியாரோ மகா கண்டிப்பு. அவர் வரும் வழியில் நிற்கவே மாணவர்கள் அஞ்சுவார்கள்.

அடுத்த ஆண்டு, 1934-ல், யோக மகரந்தம் என்ற நூலைக் கன்னடத்தில் எழுதினார். தமிழ்ப் பதிப்பு 1938-ல் வந்தது. பெண்களுக்கும் யோகத்தில் உரிமை உண்டு என்று அதில் அடித்து எழுதியிருக்கிறார். ஆசனங்களை விளக்கும்போது, கர்ப்பிணிகள் இதைச் செய்யக்கூடாது என்று எச்சரித்துக்கொண்டும் போகிறார். உரிமையும் எச்சரிக்கையும் ஒரே புத்தகத்தில் இருக்கின்றன. பயப்படுகிற மாமியாருக்கு வேண்டிய விடையும் இதுதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு எல்லா ஆசனமும் ஆகாது.

அவரே மறுத்த பெண்

பெண்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியவர், ஒரு பெண் வந்து வாசலில் நின்றபோது என்ன செய்தார்? போ என்றார்!

அது 1937-ம் ஆண்டு. வந்தவள் ரஷ்ய நாட்டில் பிறந்த இந்திரா தேவி. வெளிநாட்டுக்காரி, அதுவும் பெண். யோகசாலையில் இடமில்லை என்று கிருஷ்ணமாச்சாரியார் சொல்லிவிட்டார். எழுத்து வேறு, பழக்கம் வேறு. மகாராஜா குறுக்கிட்டுச் சொன்ன பிறகே சம்மதித்தார். சம்மதித்தாலும் மனசு இளகவில்லை. உணவில் கட்டுப்பாடு, நேரத்தில் கட்டுப்பாடு என்று கடுமையாக விதித்தார். தானாக ஓடிப்போவாள் என்று எதிர்பார்த்தார் போலும். அவள் ஓடவில்லை. சொன்னதையெல்லாம் செய்தாள். கடைசியில், நீயும் பிறருக்குச் சொல்லிக்கொடு என்று குருவே சொல்லும்படி ஆயிற்று. இந்திரா தேவி சீனாவிலும் அமெரிக்காவிலும் பள்ளி நடத்தி, 102 வயது வரை வாழ்ந்து, 2002-ல் காலமானார்.

வீட்டுக்குள் நிலைமை வேறு. நாமகிரியம்மாளும் பெண் பிள்ளைகளும் ஆசனம் செய்தார்கள். 1938-ம் ஆண்டு எடுத்த ஒரு சினிமாப் படத்தில், கிருஷ்ணமாச்சாரியாரும் மைத்துனர் ஐயங்காரும் மட்டுமின்றி, நாமகிரியம்மாளும் குழந்தைகளும் ஆசனம் செய்து காட்டுகிறார்கள். இன்றும் அந்தப் படத்தைப் பார்க்கலாம். அதே 1938-ல் ஜூன் 21-ந் தேதி மகன் தேசிகாசார் பிறந்தார். மொத்தம் ஆறு குழந்தைகள். மூன்று ஆண், மூன்று பெண்.

அந்தக் காலத்தில் மேல்நாட்டிலும் இதே திசையில் சிந்தனை ஓடிற்று. இங்கிலாந்தில் கிராண்ட்லி டிக்-ரீட் என்ற டாக்டர் 1933-ம் ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். பிரசவத்தைக் கண்டு பயப்படும் பெண்ணின் உடம்பு இறுகுகிறது. உடம்பு இறுகினால் வலி கூடுகிறது. வலி கூடினால் பயமும் கூடுகிறது என்றார் அவர். உடம்பைத் தளர்த்தவும் மூச்சை நிதானமாக விடவும் கர்ப்பிணிகளுக்குப் பழக்கினார். மற்ற டாக்டர்கள் அவரைக் கேலி செய்தார்கள். மைசூர்க்காரரை அவர் அறியார். அவரை மைசூர்க்காரர் அறியார்.

சென்னையில் வேறு மனிதர்

1940-ல் மகாராஜா மறைந்தார். நாடு விடுதலை பெற்றது. சமஸ்தானம் போயிற்று. 1950-ல் யோகசாலை மூடப்பட்டது. அறுபது வயதைத் தாண்டிய கிருஷ்ணமாச்சாரியார் மீண்டும் பிழைப்பைத் தேட வேண்டியதாயிற்று.

பக்கவாதத்தால் கை கால் விழுந்த ஒரு பிரபல வக்கீலைக் குணப்படுத்தச் சென்னைக்கு அழைத்தார்கள். 1952-ல் வந்தவர் சென்னையிலேயே தங்கிவிட்டார். விவேகானந்தர் கல்லூரியில் யோகம் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கிழவர்கள், குழந்தைகள், முதுகு வலிக்காரர்கள், பெண்கள் என்று பலரும் வந்தார்கள்.

இவர்களை அரண்மனைப் பையன்களைப் போலத் துள்ளச் சொல்ல முடியுமா? கிருஷ்ணமாச்சாரியார் தம் முறையையே மாற்றினார். ஒரு நேரத்தில் ஒரே ஒருவர். முதலில் நாடி பிடித்துப் பார்ப்பார். வயது, வேலை, உணவு, தூக்கம் எல்லாம் விசாரிப்பார். பிறகுதான் பாடம். கையைத் தூக்கும்போது மூச்சை இழு, இறக்கும்போது விடு. ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார். யோக ரகசியத்தில் வயதுக்கு ஏற்ற யோகம் என்று பிரித்திருக்கிறது. வளரும் பிள்ளைக்கு ஒன்று, குடும்பஸ்தருக்கு ஒன்று, முதியவருக்கு ஒன்று. கர்ப்பிணியின் பயிற்சியும் தனியானதே. நேற்று வரை அவள் செய்ததை இன்று அப்படியே செய்யச் சொல்லக் கூடாது. உள்ளே இன்னோர் உயிர் வளர்கிறது. மாதத்துக்கு மாதம் உடம்பு மாறுகிறது.

கையைத் தூக்கி இறக்குவதும் மூச்சை நீட்டி விடுவதும் பார்க்க வேடிக்கையாக இராது. ஓடும் காரை நிறுத்திய அதே மனிதர் இந்தச் சின்ன வேலையைப் பெரிதாக எண்ணினார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையில் பெரிய சாதனை இதுதான்.

இன்றைய டாக்டர்கள் சொல்வது

கர்ப்பிணிக்கு யோகாசனம் பற்றி இன்று டாக்டர்கள் சொல்வதும் அநேகமாக அவர் போட்ட கோட்டின் மேல்தான் போகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே கர்ப்பிணிகளுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

மிதமான பயிற்சியால் முதுகு வலி குறையலாம்; மனக்கலக்கம் தணியலாம்; தூக்கம் வரலாம். மூச்சை நிதானமாக விடப் பழகிய பெண், வலி எடுக்கும்போது பதறாமல் இருக்கலாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் இடுப்பெலும்பின் வாய் சற்று அகலும் என்பதும் உண்மை. அம்முச்சியின் கணக்கில் பிழை அதிகமில்லை! ஆனால், யோகா செய்தால் கட்டாயம் சுகப்பிரசவம், ஆபரேஷனே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தை குறுக்கே கிடந்தால் ஆசனம் செய்தவளுக்கும் ஆபரேஷன் வேண்டியிருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயிற்றை அமுக்குவது, இடுப்பை முறுக்குவது, குப்புறப் படுத்துச் செய்வது, மூச்சை அடக்கி வைப்பது, தலைகீழாக நிற்பது, இவை புதிதாகத் தொடங்கும் கர்ப்பிணிக்கு ஆகாதவை. ஐந்து மாதத்துக்கு மேல் நெடுநேரம் மல்லாந்து படுக்கக் கூடாது. கருப்பையின் பாரம் முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை சுற்றும். சவாசனத்தைக்கூட ஒருக்களித்துப் படுத்துத்தான் செய்ய வேண்டும். இடப்பக்கம் நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருப்பவர்கள், குறைமாதப் பிரசவம் கண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது. பயிற்சியின்போது ரத்தமோ நீரோ பட்டால், வயிறு இறுகி வலித்தால், மயக்கம் வந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புத்தகத்தையோ படத்தையோ பார்த்துத் தனியாகச் செய்வதும் வேண்டாம். எதிரே ஆள் இருந்து, முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மகன் வந்தான்

தேசிகாசார் எஞ்சினீயர் படிப்புப் படித்தவர். தந்தையின் தொழிலில் அவருக்கு நாட்டமில்லை. 1961-வாக்கில் ஒருநாள் அவர் வீட்டு வாசலில் இருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. நியூசிலாந்து நாட்டுப் பெண்மணி ஒருத்தி இறங்கி ஓடிவந்தாள். ஆசாரம் மிகுந்த பெரியவரை அப்படியே கட்டிக்கொண்டாள்! மகன் திகைத்துப்போனார். விசாரித்தபோது தெரிந்தது: பல காலமாக மாத்திரை இல்லாமல் உறங்க முடியாதவள் அவள்; முந்திய இரவு மாத்திரையின்றித் தூங்கிவிட்டாளாம். எஞ்சினீயர் வேலையைக் கைவிட்டு மகன் தந்தையிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பாடம்.

1976-ல் தந்தையின் பெயரால் சென்னையில் கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரத்தைத் தேசிகாசார் நிறுவினார். தந்தை சொன்ன யோக ரகசியமும் பின்னாளில் மொழிபெயர்ப்போடு அச்சாயிற்று. மைத்துனர் ஐயங்கார் புனேயில் பள்ளி வைத்தார். அவருடைய மகள் கீதா, பெண்களுக்கான யோகம் பற்றித் தனி நூலே எழுதினார். அதில் கர்ப்ப காலத்துக்கும் இடம் தந்தார்.

முதுமையில் கிருஷ்ணமாச்சாரியார் இன்னொரு கட்டையும் அவிழ்த்தார். பெண்கள் ஓதக் கூடாது என்று வைத்திருந்த வேதத்தைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்திரா தேவியை வாசலில் நிறுத்திய அதே மனிதர்!

96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை வேண்டாம் என்றார். படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளைத் தமக்குத் தாமே அமைத்துக்கொண்டார். 1988-ல் நூறாவது ஆண்டு விழா நடந்தது. 1989 பிப்ரவரி 28-ந் தேதி சென்னையில் அவர் உயிர் பிரிந்தது.